கஞ்சித்தொட்டிக்கு எதிர்ப்பக்கம்

உட்காரச் சொன்னார்கள், தணிகாசலம் உட்கார்ந்தார். சோபா ஆளை உள்ளே வாங்கிக்கொண்டது. இப்படி ஒரு நாற்காலியை எவன் கண்டுபிடித்தானோ, எழுந்திருக்கும்போது ரெண்டு கையையும் ஊன்றித்தான் எழுந்திருக்க வேண்டும், ஊன்றினால் கிழவன் என்று தெரிந்துவிடும், அதைப் பார்க்கத்தான் போட்டு வைத்திருக்கிறான்கள். ஏசி காற்று நேராகப் பிடரியில் அடித்தது. நகரலாம் என்றால் நகர முடியவில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், "நிரஞ்சன் சார் மீட்டிங்ல இருக்காரு சார், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்றாள். கொஞ்சம் என்றால் எவ்வளவு. கேட்கவில்லை. கேட்டால் அதே சிரிப்போடு அதே கொஞ்சத்தைத் திருப்பிச் சொல்வாள். மடியில் பை. பைக்குள் பயோடேட்டா, அதற்கு அடியில் சிவப்புத் துண்டு. இடப்பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புல்தரை, அப்புறம் கேட், கேட்டுக்கு வெளியே வேலைநிறுத்தப் பந்தல். அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பினார். திருப்பினால் சுவரில் ஒரு படம், தொழிலாளிகள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டுகிறார்கள். அந்தப் படத்தில் இருப்பவன் ஒருத்தனும் இந்த ரப்பர் கம்பெனியில் வேலை செய்பவனில்லை. மூக்கைப் பார்த்தாலே தெரிகிறது, வெள்ளைக்காரன். இங்கே வேலை செய்கிறவன் வெளியே பந்தலில் உட்கார்ந்திருக்கிறான், உள்ளே சுவரில் வெள்ளைக்காரன் சிரிக்கிறான். சரி, எனக்கென்ன. வேலைக்கு வந்திருக்கிறேன். வேலை வேண்டும். மருமகனுக்குப் புனேவுக்கு மாற்றல் வந்துவிட்டது, பட்டாபிராம் வீட்டைக் காலி செய்கிறார்கள், அடுத்த மாதம் பெண்டாட்டி சம்பூர்ணத்தையும் கூட்டிக்கொண்டு அவர் எங்கே போவது. "நீங்களும் புனே வாங்க மாமா" என்று மருமகன் சொன்னான். சொல்லும்போது டிவியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அன்றிலிருந்து சம்பூர்ணம் பாத்திரத்தைச் சத்தம் வராமல் வைக்கிறாள், அடுத்தவர் வீட்டில் வைப்பது மாதிரி. முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவள். அந்தச் சத்தமில்லாததுதான் அவரைத் தூங்க விடாமல் அடிக்கிறது.

எல்லாம் அந்தக் கழுதை ஃபோனால் வந்தது. ஃபோனா, மகளா. மகள்தான். சுடர்க்கொடி என்று பேர் வைத்தது அவர், மேடையில் வைத்துத் தலைவர் வாயால் வைக்கவைத்த பேர். அவள் இப்போது ஆபீஸில் சுடி. அந்தச் சுடிதான் சொன்னாள், "அப்பா, நீ எத்தன இடத்துல போட்டாலும் எவனும் கூப்பிடமாட்டான், உன் பயோடேட்டா அப்படி. ஏஐகிட்ட உன் வேலையப் பத்திச் சும்மா சொல்லு, அதுவே நல்லா எழுதிக் குடுக்கும்." யார்கிட்ட? "ஃபோன்கிட்டப்பா." ஃபோனை மூஞ்சிக்கு நேரே பிடித்துக்கொண்டு சொன்னார். அம்பத்தூரில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் ஃபிட்டர். சங்கச் செயலாளர். வேலைநிறுத்தம் நடத்தினேன். தோத்துட்டோம். அவ்வளவுதான், இதற்கு மேல் என்ன இருக்கிறது. அது உடனே எழுதிற்று, 'உங்கள் பயணம் மிகவும் ஊக்கமளிக்கிறது!' தோத்துட்டோம் என்கிறேன், ஊக்கமாம். செருப்பால் அடிக்கத் தோன்றியது, அடித்தால் உடைவது மகளின் ஃபோன். அப்புறம் அது கேள்வி கேட்க ஆரம்பித்தது. எத்தனை பேருக்குத் தலைமை தாங்கினீர்கள், எதற்காகப் போராடினீர்கள், நிர்வாகத்துடன் யார் பேசினார்கள், மிகக் கடினமான நாள் எது. கேட்டுக்கொண்டே இருந்தது. அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். மத்தியானம் ஆரம்பித்தது, சம்பூர்ணம் விளக்குப் போட வரும்போதும் பேசிக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிப் போயிற்று. இவ்வளவு கேள்வி அவரை ஒருத்தரும் கேட்டதில்லை, கட்சியில் கேட்டதில்லை, கல்யாணத்துக்கு முன்னால் மருமகன் வீட்டில்கூட, என்ன வேலை, சொந்த வீடா என்றதோடு சரி. அதுதான் இப்போதும் உறுத்துகிறது. அந்த மூஞ்சியில்லாத சனியன் கேட்டதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. வெட்கக்கேடு. பொய்யாகக் கேட்கிறது என்று தெரியும். தெரிந்தும் சொன்னார்.

அது எழுதிக் கொடுத்ததை மகள் தமிழில் படித்துக் காட்டினாள். பெரிய தொழிலாளர் அணியை வழிநடத்தியவர். நெருக்கடிக் காலத்தில் நிர்வாகத்துடன் பொறுமையாகப் பேச்சுவார்த்தை நடத்திச் சுமுகமான சூழலுக்கு வழி வகுத்தவர். இரு தரப்பின் நம்பிக்கையையும் பெற்றவர். "யாரும்மா இந்த ஆளு?" என்றார். "நீதாம்பா." "வேலைநிறுத்தம்ங்கற வார்த்தையே காணமே." "அத எழுதினா எவன்பா கூப்பிடுவான்?" மகள் சமையலறைக்குப் போனதும் ஃபோனிடம் மெதுவாகச் சொன்னார், தோத்துட்டோம்னு எழுது. 'நிச்சயமாக! சவால்களிலிருந்து கற்றுக்கொண்டவர் என்று சேர்த்துவிடலாமா?' சேர்த்துவிட்டது. கேட்டால் எதையும் சேர்க்கும், கேட்காவிட்டாலும் சேர்க்கும், ஒரே ஒரு இடத்தில்கூடப் பொய் இல்லை, அதுதான் அதன் திறமை. எல்லாம் நடந்தது, எல்லாம் அவர் சொன்னது, கூட்டிப் பார்த்தால் வேறு ஆள். அந்த வேறு ஆளுக்குத்தான் போன வாரம் அழைப்பு வந்தது. ஒரகடத்தில் கம்பெனி, கார்களுக்கு ரப்பர் குழாய் செய்கிறார்கள், தொழிலாளர் நல்லுறவு ஆலோசகர் என்று வேலை. மகள் குதித்தாள். சம்பூர்ணம் அன்றைக்கு ஒரு பாத்திரத்தைச் சத்தத்தோடு வைத்தாள், அந்தச் சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது. நல்லுறவு. யாருக்கும் யாருக்கும் நல்லுறவு என்று அவர் கேட்டுப் பார்க்கவில்லை. சங்கத்துப் பக்கம் போய் வருஷக் கணக்காகிறது, எங்கே யார் பந்தல் போட்டிருக்கிறான் என்று சொல்ல அவருக்கு ஆளில்லை. இன்று காலை பஸ்ஸைவிட்டு இறங்கித் தலையைத் தூக்கினால் கொடி பறக்கிறது.

திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. ஓரமாக நழுவிவிடலாம் என்று தலையைக் குனிந்துகொண்டு நடந்தார், அந்த நடையே காட்டிக்கொடுத்துவிட்டது போல. "தோழர்! அம்பத்தூர் தணிகாசலம் தோழர்தானே?" ஒரு தாடிக்காரன் ஓடி வந்தான். பேர் சகாயராஜ் என்றான், இங்கே சங்கத் தலைவராம். "எங்கப்பா தோள்ல உக்காந்து உங்க பேச்சக் கேட்டிருக்கேன் தோழர். யாரு சொல்லி வந்தீங்க?" யார் சொல்லி வந்தார். ஃபோன் சொல்லி வந்தார். அதற்குள் ஒருத்தன் சிவப்புத் துண்டை உதறிக்கொண்டு வந்துவிட்டான். இந்தத் துண்டுப் பழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று அவரே ஒரு காலத்தில் மேடையில் கத்தியிருக்கிறார், வருகிறவன் எவனென்று விசாரிக்காமல் துண்டு போடுகிறீர்களே என்று. விசாரிக்கவில்லை. போட்டார்கள். கைதட்டினார்கள். "உள்ள போகணும், ஒரு ஆளப் பாக்கணும்" என்றார். உண்மைதான் சொன்னார். சகாயராஜ் உடனே மைக்கைப் பிடித்துக்கொண்டான். "தோழர்களே, மூத்த தோழர் நமக்காக நிர்வாகத்துகிட்டப் பேச உள்ள போறாரு!" மறுபடியும் கைதட்டல். அப்போது மறுத்திருக்க வேண்டும். வாய் இருந்தது, மறுக்கவில்லை. அந்தச் சத்தத்தில் ஒரு மயக்கம் இருக்கிறது, பழைய குடிகாரனுக்குக் கடை வாசல் மாதிரி, கால் தானாக நின்றுவிட்டது. "ரெண்டு வார்த்த பேசிட்டுப் போங்க தோழர்." திரும்பி வரும்போது பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். கேட்டில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னான். அதற்குள் துண்டை மடித்து உள்ளே திணித்திருந்தார். "இது இன்னா சார்?" "துண்டு." "வெயிலுக்கா?" "ஆமா." அவன் துண்டைப் பார்த்தான், பந்தலைப் பார்த்தான், இவரைப் பார்த்துச் சிரித்தான். "நல்ல வெயில்தான் சார்." நாய். இல்லை, நாய் அவனில்லை.

கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார். பார்க்காமல் எத்தனை நேரம் இருப்பது. இங்கிருந்து பந்தலின் பின்பக்கம் தெரிகிறது. சாலையோரம் மூன்று கல் வைத்து அடுப்பு, அண்டா, புகை. கஞ்சித்தொட்டி திறந்திருக்கிறார்கள். ஒரு பெண் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பெரிய கரண்டியால் கிண்டுகிறாள். சத்தம் உள்ளே வராது, வாசனை வராது, ஆனால் அவருக்கு வாசனை வந்தது. நொய்யரிசி, கொஞ்சம் அடிப்பிடித்த வாசனை, பச்சை மிளகாய். அம்பத்தூரில் கன்னியப்பன் காய்ச்சினான். ஸ்டோரில் வேலை, சமையல் தெரியாது, தெரியாமலேதான் ஆரம்பித்தான். முதல் நாள் உப்பே இல்லை, எல்லோரும் திட்டிக்கொண்டே குடித்தார்கள். பேச்சு யார் வேண்டுமானாலும் பேசலாம், கொடி யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், வேலைநிறுத்தம் என்பது அண்டாவில் இருக்கிறது. அங்கே கஞ்சி கொதிக்கிற வரைக்கும் எவனும் சாப்பிட வீட்டுக்குப் போக மாட்டான். வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பான். பார்த்தவன் மறுநாள் வருவான், அதற்கு மறுநாள் வர மாட்டான். இதை அவர் தெரிந்து வைத்திருந்தார். நிர்வாகத்துக்குத் தெரியாது என்று நினைத்தார். அவர்களுக்கும் தெரியாதுதான், ஒருத்தன் போய்ச் சொல்கிறவரைக்கும். பழைய சங்கத்து ஆள், ரிடயர் ஆனவன், அவன்தான் அவர்கள் கூலிக்கு வந்து கன்னியப்பனைத் தனியாக டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். மிரட்டவில்லை. தோளில் கை போட்டான். உன் பையனுக்கு அப்ரெண்டிஸ் போட்டுத் தரச் சொல்கிறேன் என்றான். மறுநாள் காலையில் அடுப்பு சில்லென்று கிடந்தது. கன்னியப்பனை எவனும் வையவில்லை, அவன் பாவம். வந்து பேசினானே அவனைத்தான் கருங்காலி என்றார்கள். அதற்குப் பிறகு அவன் பேரை ஒருத்தரும் சொல்லவில்லை, செத்தபோதுகூட கருங்காலி செத்துட்டான் என்றுதான் சேதி வந்தது. அவன் பேர் என்ன. நல்ல பேர்தான். இருபது வருஷம் கூடவே இருந்த ஆளின் பேர் ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது. அவனுக்கும் ஒரு சம்பூர்ணம் இருந்திருப்பாள். இதை இதுவரைக்கும் நினைத்ததில்லை. இப்போது எதற்கு நினைக்கிறேன்.

ஃபோனை எடுத்தார். வேறு என்ன செய்வது. மகள் காலையிலேயே அவருடைய ஃபோனிலும் அந்த ஏஐயைப் போட்டு வைத்திருந்தாள், "போர் அடிச்சா அதுகூடப் பயிற்சி பண்ணுப்பா, என்ன கேப்பாங்கன்னு அதுவே சொல்லும்." சொல்லியிருந்தது. 'நேர்காணலில் இந்தக் கேள்வி வரலாம்: தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தால் அதை எப்படி முடிவுக்குக் கொண்டுவருவீர்கள்?' கீழே பதிலும் அதுவே எழுதியிருந்தது. முதலில் அவர்களுடைய குறைகளைக் காது கொடுத்துக் கேட்பேன். இரு தரப்பும் நம்பும் வகையில் வெளிப்படையாக நடப்பேன். எல்லோரும் வெற்றி பெறும் தீர்வை நோக்கி நகர்வேன். படித்ததும் தணிகாசலத்துக்கு ரத்தம் ஏறிற்று. காது கொடுத்துக் கேட்பானாம். எந்த முதலாளி எந்தக் காதைக் கொடுத்தான். எல்லோரும் வெற்றி பெறுவார்களாம், இதென்ன பாட்டுப் போட்டியா. வெத்துப் பேச்சு. உலகத்தில் ஒரு வேலைநிறுத்தமாவது இப்படி முடிந்திருக்கிறதா. ஒன்றும் தெரியாமல் என்னமாய்ப் பேசுகிறது. மைக் படத்தை அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னார், "தப்பு. அப்படி முடியாது. கேட்டுக்க. தலைவனத் தொடாத, தொட்டா தியாகி ஆயிடுவான். கஞ்சி காய்ச்சுற ஆளப் பாரு. அது யாரு, அதுக்கு என்ன கஷ்டம், புள்ள படிக்குதா, வேல இல்லாம சுத்துதா, விசாரி. தனியாக் கூப்பிடு. மெரட்டாத. அது வீட்டுக் கஷ்டத்த அதுகிட்டயே பேசு. ஒரு வேல போட்டுக் குடு. அடுப்பு அணஞ்சா பந்தல் தானாப் பிரிஞ்சிடும்." மேஜைக்காரப் பெண் தலையைத் தூக்கினாள். "சார், கால் பேசறதுன்னா கொஞ்சம் வெளிய." "முடிஞ்சிது" என்றார். அது ஒரு விநாடிகூட எடுக்கவில்லை, பதில் வந்துவிட்டது. 'உங்கள் அனுபவத்தைப் பகிர்ந்ததற்கு நன்றி. ஆனால் ஒருவரைத் தனியே அழைத்துச் சலுகை காட்டிப் பிரிப்பது நியாயமற்ற தொழிலாளர் நடைமுறையாகக் கருதப்படலாம். தொழிலாளர்களுக்கு ஒன்றுசேர்ந்து போராடும் உரிமை உண்டு.' உண்டாம். அவருக்குச் சொல்கிறது. சங்கம் வைக்க உரிமை உண்டு என்று லத்தியடி வாங்கி முட்டி பெயர்ந்த ஆளுக்கு, நேற்றுப் பிறந்த ஒரு ஃபோன் சொல்கிறது. மறுபடியும் மைக்கை அழுத்தினார், "உரிமையெல்லாம் பேசினா வேல நடக்காது, கம்பெனிய யாரு பாக்கறது" என்றார். சொன்னது தன் குரல்தான். ஃபோனில் அது எழுத்தாக வந்து நின்றது. கம்பெனிய யாரு பாக்கறது. அதை அவரே படித்தார். அம்பத்தூரில் பர்சனல் மேனேஜர் இதைத்தான் சொல்வான், இதே வார்த்தை, இதே எரிச்சல். ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டார். கை ஈரமாக இருந்தது. ஏசியிலும் வேர்க்கிறது. பயமாக இருந்தது. வேலை கிடைக்காதோ என்ற பயம் இல்லை. கிடைத்துவிடும். இந்த வேலை அவருக்குத் தெரியும், தூக்கத்தில்கூடச் செய்வார், கண்ணாடி வழியே பார்த்த அந்த ஒரு பார்வையிலேயே யாரைக் கூப்பிட வேண்டும் என்று புத்தி கணக்குப் போட்டு முடித்துவிட்டது. யாரும் கேட்காமலே. வேலைக்கான ஆணைகூட இன்னும் வரவில்லை, அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

"சார், நீங்க போலாம்." ரெண்டு கையையும் ஊன்றி எழுந்தார். எவன் பார்த்தால் என்ன. நிரஞ்சன் என்கிற அந்த மேனேஜர் பையனுக்கு மருமகன் வயது இருக்கும், கண்ணுக்கடியில் கருத்திருந்தது, பல நாள் தூங்காத முகம். அதைப் பார்த்துக் கோபப்பட முடியவில்லையே என்று கோபம் வந்தது. பயோடேட்டாவை நீட்டினார். அவன் வாங்கி, பிரிக்காமலே ஓரமாக வைத்தான். "இது இருக்கட்டும் சார். இத மாதிரி தினம் நூறு வருது, எல்லாம் ஒரே மெஷின் எழுதினது. பேரும் அம்பத்தூரும் பாத்தேன். விசாரிச்சேன். நீங்க யாருன்னு தெரிஞ்சுதான் கூப்பிட்டேன்." அப்படியென்றால் அந்த வேறு ஆள் இங்கே வரவே இல்லை. அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறான்கள், துண்டோடு, தோல்வியோடு. "வெளிய பாத்தீங்க இல்ல? என் மேல இருக்கறவங்க என்னப் போட்டு வாட்டறாங்க சார். உங்களுக்கு அவங்க பாஷ தெரியும், அவங்க மனசு தெரியும். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க நானா இருந்தா நாளைக்குக் காலைல மொதல்ல என்ன செய்வீங்க?" சட்டென்று வாய்வரை வந்துவிட்டது. வகுப்பில் பதில் தெரிந்த பையன் கையைத் தூக்குகிற மாதிரி உள்ளே ஒன்று துள்ளிற்று, எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூன்று வார்த்தை போதும். சொன்னால் இன்றைக்கே ஆணை. சம்பூர்ணம் தன் வீட்டில் தன் பாத்திரத்தைத் தடாலென்று போடுவாள். இருமலை அடக்குவது மாதிரி அடக்கினார். அடக்கினால் மட்டும் போதாது, அந்த இடத்தில் வேறு எதையாவது வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வழிந்துவிடும். வேறு சொந்தமாக ஒன்றும் இல்லை. ஃபோனில் படித்ததுதான் இருந்தது. "மொதல்ல அவங்க குறையக் காது குடுத்துக் கேப்பேன்" என்றார். அவன் தலையாட்டினான், மேலே சொல்லட்டும் என்று காத்திருந்தான். "ரெண்டு பக்கமும் நம்பற மாதிரி வெளிப்படையா நடந்துக்குவேன்." அவன் தலையாட்டுவது நின்றது. "எல்லாரும் வெற்றி பெறுகிற தீர்வை நோக்கி..." "சார், சார்." அவன் நெற்றியைத் தேய்த்தான். "விளையாடறீங்களா? இதச் சொல்லவா உங்கள ஒரகடம் வரைக்கும் வரவழைச்சேன்? இத என் ஃபோனே சொல்லுமே." "அப்ப அதையே வேலைக்கு வச்சுக்க" என்றார் தணிகாசலம். வந்தது அவ்வளவுதான். பயோடேட்டாவைத் திருப்பி வாங்கவில்லை. அது அவருடையதில்லை.

கேட்டைத் தாண்டினதும் வெயில் கண்ணில் அறைந்தது. சகாயராஜும் கூட்டமும் முன்பக்கம் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். முன்பக்கம் போனால் மைக்கைக் கொடுப்பான்கள், உள்ளே என்ன சொன்னான் என்பான்கள், என்ன சொல்வது. பின்பக்கமாகவே சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விடலாம் என்று புகைக்குள் நுழைந்தார். சம்பூர்ணத்திடம் என்ன சொல்வது என்று கால் தடுக்கிற ஒவ்வொரு கல்லிலும் யோசனை. கிடைக்கவில்லை என்று சொல்லலாம். பொய்யில்லை. முழுசும் உண்மையுமில்லை, அந்த ஃபோன் எழுதுகிற மாதிரி. அண்டாப் பக்கத்தில் அந்தப் பெண் நின்றிருந்தாள். கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தபோது வயசு தெரியவில்லை, நாற்பது இருக்கும். "வாங்க தோழர், பேசிட்டீங்களா? ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க." "உம் பேரென்னம்மா?" "லோகநாயகி. பேக்கிங்ல இருக்கேன்." "புள்ளைங்க?" "ஒரு பையன் தோழர். ஐடிஐ முடிச்சிட்டு வேல இல்லாம சுத்தறான். ஏன் கேக்கறீங்க?" கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டார், நாக்கு அதன் பாட்டுக்குக் கேட்டுவிட்டது, சரியாக அதே வரிசையில். போய்விட வேண்டும் என்று ரெண்டடி வைத்தார். திரும்பி வந்தார். "இங்க பாரு. உன்னத்தான் மொதல்ல கூப்பிடுவாங்க. சகாயராஜ இல்ல. உன்ன." "என்னயா? நான் என்ன தலைவியா, கஞ்சி காய்ச்சறவ. யாரு கூப்பிடப் போறா?" "ஒருத்தன் வருவான். மெரட்டமாட்டான். அன்பாப் பேசுவான். உன் பையனப் பத்தி விசாரிப்பான், வேல வாங்கித் தரேம்பான். தோழர்னுதான் கூப்பிடுவான். பாக்கறதுக்கு என்ன மாதிரி இருப்பான்." லோகநாயகி சிரித்தாள், "போங்க தோழர், பெரிய மனுஷன் இப்படியா தமாஷ் பண்றது." தணிகாசலம் சிரிக்கவில்லை. அவள் அவர் முகத்தையே பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அவருக்கென்று எடுத்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, அண்டாவில் சாய்ந்திருந்த கரண்டியை எடுத்து, அவர் கைக்கு எட்டாதபடி அடுப்புக்கு அந்தப் பக்கமாக, தன் பக்கமாக, வைத்துக்கொண்டாள்.